மனநலப் புள்ளிவிவரம்: தேடும் வழியும் கையாளும் முறையும்

மாணவர் பகுதியில் இம்முறை எடுத்துக்கொண்ட பொருள் சற்றுப் புதியது. நம் பிள்ளைகள் பலர் இப்போது மெயின்லேண்டிலும், இங்கே ஸ்ரீ விஜயபுரத்திலும் (2024 வரை போர்ட் பிளேர்) நர்சிங், உளவியல், சமூகப்பணி, மருத்துவம் என்று படித்து வருகின்றனர். இறுதி ஆண்டில் ஆய்வேடு எழுத வேண்டியிருக்கிறது. அவர்களில் சிலர் மனநலம் பற்றி எழுத விரும்புகின்றனர். விவரங்களை எங்கே தேடுவது, கிடைத்ததை எப்படிப் படிப்பது, யாருக்கும் தீங்கு வராமல் எப்படிக் கையாள்வது என்பவற்றை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி வீட்டிற்கு வந்தாள். முதுகலை சமூகப்பணி படிப்பவள். "மாமா, சுனாமிக்குப் பிறகு நம் பாம்பூஃப்ளாட் குடும்பங்களின் மனநலம் எப்படி இருக்கிறது என்று ஆய்வு செய்யப் போகிறேன். சங்க வேலையாக நீங்கள் வீடு வீடாகப் போனவர். யார் யார் வீட்டில் இப்படிப் பிரச்சினை இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டுத் தருவீர்களா?" என்று கேட்டாள். நல்ல நோக்கம்தானே என்று நோட்டை எடுத்தேன். இரண்டு பெயர்கள் எழுதினேன். மூன்றாவது பெயர் எழுதப் போகும்போது ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வந்து பேனாவை மூடிவிட்டேன். அந்தச் சம்பவத்தைப் பிறகு சொல்கிறேன்.

"கொஞ்சம் பொறு அம்மா, முதலில் இருவரும் சேர்ந்து படிப்போம்" என்றேன். அன்று தொடங்கி சில வாரங்கள் படித்ததன் சுருக்கமே இக்கட்டுரை. நான் மருத்துவன் அல்லன். ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றிய டிப்ளமோ பொறியாளன். அளப்பது, பதிவது, அந்தப் பதிவை நம்பலாமா என்று சோதிப்பது ஆகிய மூன்றும் எனக்குப் பழகிய வேலைகள். அந்த அளவிலேயே எழுதுகிறேன்.

1. இந்த விவரங்கள் எதற்கு?

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தேசிய மனநலக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. 12 மாநிலங்களில் 34,802 பெரியவர்களிடம் விவரம் கேட்டார்கள். அவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது தெரியவந்தது. அதாவது நூறு பேர் கூடியிருக்கும் ஒரு கல்யாணப் பந்தியில் பத்து அல்லது பதினொரு பேர். இப்படிப் பாதிக்கப்பட்டோரில் சிகிச்சை கிடைக்காதவர்கள், நோயின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தனர்.

இந்த எண்கள் வந்ததால்தான் எத்தனை மருத்துவர் வேண்டும், எத்தனை மாவட்ட மனநல மையம் வேண்டும் என்று அரசிடம் கேட்க முடிகிறது. எண் இல்லாத துன்பத்திற்குப் பட்ஜெட்டில் இடம் கிடைப்பது கடினம். ஆனால் அந்த 12 மாநிலங்களில் தமிழ்நாடும் கேரளமும் மேற்கு வங்கமும் இருந்தன. நம் அந்தமான் நிக்கோபார் இல்லை. ஆகவே நம் பிள்ளைகள் இங்கே ஆய்வு செய்ய முன்வருவது வரவேற்கத்தக்கதே. எப்படிச் செய்வது என்பதே கேள்வி.

2. எங்கே தேடுவது?

புதிதாக ஒரு வீட்டுக் கதவைத் தட்டுமுன், ஏற்கெனவே திரட்டி வைத்த விவரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருப்பதையே மறுபடியும் போய்க் கேட்பது, பாதிக்கப்பட்டவரின் புண்ணைக் காரணமில்லாமல் கிளறுவதாகும். பார்க்க வேண்டிய இடங்கள் இவை:

(அ) தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015–16. நிம்ஹான்ஸ் வெளியிட்ட அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

(ஆ) மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011. மாற்றுத்திறனாளிகள் பற்றிய அட்டவணையில் மனநோய்க்குத் தனிப் பத்தி உண்டு.

(இ) தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து மரணம், தற்கொலை பற்றிய அறிக்கை. மாநிலம், யூனியன் பிரதேசம் வாரியாக எண்கள் இருக்கும்.

(ஈ) லாசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் முதியோர் பற்றிய நெடுங்கால ஆய்வு. இதன் முதல் சுற்று 2017–18இல் நடந்தது. 45 வயதும் அதற்கு மேலும் உள்ள சுமார் 72,000 பேரிடம் விவரம் கேட்டார்கள். மனச்சோர்வு பற்றிய கேள்விகளும் உண்டு. நம் தீவுகளும் இதில் அடங்கும். பெயர், முகவரி நீக்கிய விவரத் தொகுப்பை, நோக்கத்தை எழுதி விண்ணப்பித்தால், மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்திடமிருந்து பெறலாம்.

(உ) ஆய்வு இதழ்கள். இந்திய உளமருத்துவ இதழின் கட்டுரைகளை எவரும் இலவசமாகப் படிக்கலாம். நம் தீவைப் பற்றிய சுனாமி ஆய்வுகள் சர்வதேச இதழ்களில் வந்துள்ளன. கல்லூரி நூலகரைக் கேட்டால் எடுத்துத் தருவார்.

(ஊ) தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. ஒரு துறையிடம் மொத்த எண்ணிக்கையைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். தனிநபர் விவரம் கேட்கக் கூடாது.

அந்தப் பெண்ணிடம் இந்தப் பட்டியலைக் கொடுத்தபோது அவளுக்கு வியப்பு. "நம் தீவைப் பற்றி ஒன்றுமே இல்லை என்று நினைத்தேனே!" என்றாள். பெரும்பாலான மாணவர்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு கதவைத் தட்டக் கிளம்புகிறார்கள்.

3. கிடைத்த எண்ணை எப்படிப் படிப்பது?

எண் கிடைத்துவிட்டது என்பதற்காக உடனே ஆய்வேட்டில் எழுதிவிடக் கூடாது. அகல ரயில் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையிலுள்ள தூரம் 1676 மில்லிமீட்டர். அளந்து பார்க்கும்போது வேறு எண் வந்தால், பாதையைக் குறை சொல்லுமுன் கையிலுள்ள அளவுகோலைச் சோதிப்போம். மனநல விவரத்திலும் முதலில் சோதிக்க வேண்டியது அளவுகோலைத்தான்.

முதல் உதாரணம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதும் மனநோய் உள்ளவர்கள் சுமார் 7.2 லட்சம் பேர். நிம்ஹான்ஸ் கணக்கெடுப்போ மனநல உதவி தேவைப்படுவோர் சுமார் 15 கோடி என்கிறது. ஒன்று மற்றொன்றைப் போல் 200 மடங்கு! இரண்டில் ஒன்று பொய்யா? இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஓர் ஆசிரியரோ ஊழியரோ வாசலில் நின்று, வீட்டுத் தலைவரிடம், "வீட்டில் மாற்றுத்திறனாளி யாராவது உண்டா? என்ன வகை?" என்று கேட்கிறார். பெண் பார்க்க வரும் வயதில் மகள் இருக்கும் வீட்டில் அதற்கு என்ன பதில் வரும் என்று நமக்குத் தெரியாதா? மேலும் ஊனம் என்று சொல்லும் அளவுக்கு முற்றிய நிலையை மட்டுமே அந்தக் கேள்வி பிடிக்கும். நிம்ஹான்ஸ் குழுவினரோ பயிற்சி பெற்று, அந்தந்த நபரிடமே நேரில் பல கேள்விகள் கேட்டு, மனச்சோர்வு, பதற்றம், குடிப்பழக்கம் போன்றவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். கேள்வி வேறு, கேட்டவர் வேறு, பதில் சொன்னவர் வேறு. ஆகவே விடையும் வேறு.

இரண்டாவது உதாரணம் நம் வீட்டுக்கு அருகிலேயே உள்ளது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த அதே சுனாமியைப் பற்றிய மூன்று ஆய்வுகளைப் பாருங்கள். நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் நம் தீவுகளுக்கு வந்து பணியாற்றி, 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தம் தீவை விட்டு இடம்பெயர்ந்து முகாமுக்கு வந்தோரில் 5.2 சதவீதம் பேருக்கும், இடம்பெயராதோரில் 2.8 சதவீதம் பேருக்கும் மனநலக் கோளாறு இருந்ததாக அதில் எழுதினார்கள். தமிழ்நாட்டில் ஒரு கடலோர மீனவர் கிராமத்தில் 314 பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சல் நோய் 12.7 சதவீதம் பேருக்கு இருந்ததாக அது கூறுகிறது. அதே 2007இல் தமிழ்நாட்டில் பாதிக்கப்பட்ட சிறுவர், இளையோர் பற்றி வந்த மற்றோர் ஆய்வில் அந்த எண் 70.7 சதவீதம்.

அலை ஒன்று. எண்களோ மூன்று நான்கு. அந்தமான்காரர்கள் மனஉறுதி மிக்கவர்கள் என்று முடிவு கட்டலாமா? அவசரப்படக் கூடாது. ஓரிடத்தில் மனநல மருத்துவர்கள் நேரில் பார்த்து நோய் என்று முடிவு செய்ததை எண்ணினார்கள். மற்ற இடங்களில் கேள்விப் படிவத்தில் கிடைத்த மதிப்பெண்ணை வைத்து எண்ணினார்கள். ஓரிடத்தில் பெரியவர்கள், மற்றோரிடத்தில் பிள்ளைகள். ஓரிடத்தில் எல்லா வகைக் கோளாறுகளும், மற்றோரிடத்தில் ஒரே ஒரு நோய். இழந்ததும் ஒரே அளவு அல்ல. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் ஆறாயிரம் உயிர்கள் போயின. எனவே எந்த எண்ணை எடுத்தாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள்: எதை எண்ணினார்கள்? யாரை எண்ணினார்கள்? எப்போது எண்ணினார்கள்? எந்தக் கருவியால் எண்ணினார்கள்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். மாதிரி ஆய்வின் அடிப்படை அதுதான். ஆனால் பானையைக் கிளறிவிட்டு எடுத்த சோறாக இருந்தால்தான் அது பதம் சொல்லும். மேலாக மிதக்கும் சோற்றையே எடுத்துப் பார்த்தால் அடியில் பிடித்தது தெரியாது. ஜெட்டியில் படகுக்குக் காத்திருப்பவர்களை மட்டும் கேட்டு ஆய்வு எழுதினால், வீட்டை விட்டு வெளியே வராதவர் அதில் இருக்கமாட்டார். மனநல ஆய்வில் நாம் தேட வேண்டியவர் பெரும்பாலும் அவர்தான்.

விட்டுப்போனவர்களைத் தேடிப் போவதற்கு நல்ல உதாரணம் சென்னையில் உண்டு. 1981–82இல் முதன்முறையாக மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சைக்கு வந்த 90 பேரை ஆய்வில் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்து வந்தார்கள். டாக்டர் ஆர். தாரா அவர்களும், ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தாரும் அதன் 20 ஆண்டு முடிவுகளை 2004இல் வெளியிட்டனர். இருபது ஆண்டுகள் ஒரு குடும்பம் ஆய்வாளரைத் தன் வீட்டுக்குள் விடுகிறது என்றால், சொன்ன சொல் வெளியே போகாது என்ற நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். அந்த நம்பிக்கை பற்றித்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

4. சிறிய ஊரில் எண் என்ன செய்யும்?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையில், ஒரு லட்சம் பேருக்கு எத்தனை தற்கொலை மரணம் என்ற விகிதம் இந்தியாவுக்கு 12.4, நம் தீவுகளுக்கு 42.8. சிக்கிமுக்கு அடுத்தபடி நாம். 2021இல் 39.7 என்ற விகிதத்தோடு நாமே முதலிடம். கவலைப்பட வேண்டிய செய்தி, ஐயமில்லை. ஆனாலும் கவனத்துடன் படிக்க வேண்டும். நம் மக்கள்தொகை சுமார் 4 லட்சம்தான். பத்து மரணம் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் இரண்டரை புள்ளி நகரும். கோடிக்கணக்கில் மக்கள் வாழும் மாநிலத்தில் பத்து என்பது அட்டவணையில் தெரியவே தெரியாது. அதனால் ஓராண்டு எண்ணை வைத்துக்கொண்டு முடிவுக்கு வராமல், ஐந்தாண்டுச் சராசரி பார்ப்பது நல்லது.

இன்னொன்றும் உண்டு. தற்கொலைக்கு முயல்வது பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்படி குற்றமாக இருந்த காலத்தில், போலீசுக்குப் பயந்து பல குடும்பங்கள் வேறு காரணம் சொல்லி மறைத்தன. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்று கூறுகிறது. ஆகவே பழைய ஆண்டு எண்ணையும் புதிய ஆண்டு எண்ணையும் ஒப்பிடும்போது, துன்பம் கூடியதா அல்லது பதிவு கூடியதா என்று யோசிக்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்குப் பயிற்சி. இது நம் ஊரின் உண்மைக் கணக்கு அல்ல, வெறும் கற்பனை. ஓர் ஊரில் 8,000 பேர். ஓராண்டு 2 மரணம், விகிதம் 25. மறு ஆண்டு 4 மரணம், விகிதம் 50. "தற்கொலை இரு மடங்கானது" என்று தலைப்புப் போட்டுவிடலாம். கணக்குச் சரி, பொருள் தவறு. அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. அந்த ஊரில் "நான்கு பேர்" என்று அச்சிட்டால், படிப்பவர் ஒவ்வொருவரும் அந்த நான்கு வீடுகளையும் அறிவார். பாம்பூஃப்ளாட்டின் மக்கள்தொகை 2011இல் ஏறத்தாழ 8,000தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

5. பெயரை நீக்கினால் போதுமா?

முன்பு சொல்வதாகச் சொன்ன சம்பவம் இதுதான். 1990களில் மெயின்லேண்டில் ஒரு செக்ஷனில் பணியாற்றினேன். நீண்ட நாள் மருத்துவ விடுப்பில் போகும் தொழிலாளர்கள் பற்றி அறிக்கை கேட்டார்கள். நான்தான் அட்டவணை தயாரித்தேன். யார் மனதும் புண்படக் கூடாது என்று பெயர்களை எழுதவில்லை. கேங் எண், வயது, விடுப்பு நாட்கள், காரணம் ஆகிய நான்கு பத்திகள் மட்டுமே. அதன் ஒரு நகல் அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டது. ஒரு வரியில், வயது 47, காரணம் மனக்கோளாறு என்று இருந்தது.

ஒரு கேங்கில் பன்னிரண்டு பேர். மாலைக்குள் எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரு வாரம் கழித்து அவரே என்னிடம் வந்தார். கோபப்படவில்லை. "ஐயா, பேர் போடலைன்னு சொல்றீங்க. எங்க கேங்குல நாப்பத்தேழு வயசு எனக்கு மட்டும்தானே" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மகளுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் தட்டிப்போனது. அதன்பின் அவர் டாக்டரிடம் போவதையே நிறுத்திவிட்டார். அவர் நன்மைக்காகத்தான் அறிக்கை கேட்டார்கள். நானும் நன்மை என்றே எழுதினேன். வந்த விளைவு அது. நோட்டில் இரண்டு பெயர் எழுதியதும் அவர் முகம்தான் கண்முன் வந்தது.

நான் அறியாமல் செய்த தவறு அமெரிக்காவில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1990களில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவ விவரங்களைப் பெயர், முகவரி நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். லத்தானியா ஸ்வீனி என்ற மாணவி அதை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, அம்மாநில ஆளுநரின் மருத்துவக் குறிப்பையே கண்டுபிடித்துவிட்டார். பிறந்த தேதி, ஆணா பெண்ணா, அஞ்சல் குறியீட்டு எண் என்ற மூன்றே போதுமாயிருந்தன. இம்மூன்றும் தெரிந்தால் அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று 2000இல் அவர் கணக்கிட்டுக் காட்டினார். கோடிக்கணக்கானோர் உள்ள நாட்டிலேயே இப்படி என்றால், ஒருவரை ஒருவர் தாத்தா காலத்திலிருந்து அறிந்த நம் ஊரில், "சுனாமியில் தம்பியை இழந்த, மீன்பிடித் தொழில் செய்யும், ஐம்பது வயதுக்காரர்" என்று எழுதினால் பெயர் எதற்கு?

இதற்கு வழி உண்டு. வயதை 47 என்று எழுதாமல் 40–59 என்று எழுதலாம். ஊரைக் குறிப்பிடாமல் மாவட்டத்தைக் குறிப்பிடலாம். தெற்கு அந்தமான் மாவட்டத்தில் 2011இல் சுமார் 2,38,000 பேர் இருந்தனர். அட்டவணையின் ஒரு கட்டத்தில் ஐந்துக்கும் குறைந்த எண் வந்தால் அதை அச்சிடாமல் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடலாம். பல நாடுகளின் புள்ளிவிவர அலுவலகங்கள் 5 அல்லது 10 என்று ஓர் எல்லை வைத்துள்ளன. ஒருவர் கதையைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால், எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டி, ஒப்புதல் பெற்ற பிறகே சேர்க்க வேண்டும். எழுதி முடித்த பின் ஒரு சோதனை செய்யுங்கள்: நம் ஊர் டீக்கடையில் இதை உரக்கப் படித்தால் யார் என்று ஒருவராவது கண்டுபிடிப்பாரா? கண்டுபிடிப்பார் என்றால் திருத்தி எழுதுங்கள்.

6. சட்டம் என்ன சொல்கிறது?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 23ஆம் பிரிவு, மனநோய் உள்ளவரின் உடல்நலம், மனநலம், சிகிச்சை பற்றிய விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படுவது அவரது உரிமை என்கிறது. 24ஆம் பிரிவின்படி அவர் சம்மதமின்றிப் படமோ விவரமோ ஊடகங்களுக்குத் தரக் கூடாது. கம்ப்யூட்டரில் உள்ள விவரத்துக்கும் இது பொருந்தும். ஆய்வு பற்றிப் பேசுவது 99ஆம் பிரிவு. பேட்டி எடுப்பதாக இருந்தாலும், விவரமறிந்த, நிர்ப்பந்தமில்லாத ஒப்புதல் அவரிடம் பெற வேண்டும். ஒப்புதல் தந்தவர் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், மனிதர்களைப் பற்றிய ஆய்வு எதையும் தொடங்குமுன் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற வேண்டும் என்கின்றன. ஏற்கெனவே பொதுவில் உள்ள, பெயரில்லாத விவரங்களை மட்டும் பயன்படுத்தினால் குழு விலக்களிக்கலாம். ஆனால் விலக்கு உண்டா என்பதைக் குழுதான் சொல்ல வேண்டும். மாணவர் தாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும், அந்தப் பிள்ளையின் இசைவும் வேண்டும்.

இதே நெறிமுறைகளில் பேரிடர் காலத்து ஆய்வு பற்றி ஒரு தனி அத்தியாயம் உண்டு. சுனாமியின்போது நடந்தவற்றை அறிந்தவர்களுக்கு அதன் அவசியம் புரியும். இலங்கையில் அத்துல சுமதிபால, சிசிர சிறிபத்தன என்ற இரு மருத்துவர்கள் சுனாமிக்குப் பிந்திய ஆய்வுகளின் நெறிமுறை பற்றி 2005இல் லான்செட் இதழில் எழுதினார்கள். பேரிடரில் எல்லாம் இழந்தவர் முன் காகிதத்தோடு ஒருவர் வந்து நின்றால், நிவாரணம் எழுத வந்தவரா, ஆய்வுக்கு வந்தவரா என்று அவருக்கு எப்படித் தெரியும்? "மாட்டேன் என்றால் அரிசி கிடைக்காதோ" என்று பயந்து சொன்ன "சரி", ஒப்புதல் ஆகாது. ஆய்வுக்கும் உதவிக்கும் சம்பந்தம் இல்லை என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

நிக்கோபார் மக்களிடம் ஆய்வு செய்ய விரும்பினால் அரசு அனுமதி மட்டும் போதாது. அங்கே கிராமத்துக் கேப்டனும் பழங்குடி மன்றமும் அறியாமல் ஒரு வீட்டில் உட்கார்ந்து கேள்வி கேட்பது முறையல்ல. ஊரின் சம்மதம் பெற்ற பிறகும், ஒவ்வொருவரின் தனிச் சம்மதமும் வேண்டும்.

7. கேள்வி கேட்குமுன் செய்ய வேண்டியது

இப்போது மாணவர்கள் மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவத்தை, அதாவது பி.எச்.கியூ–9 என்பதை, கைப்பேசியில் படிவமாக்கி வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பிவிடுகிறார்கள். நிரப்ப இரண்டு நிமிடம்தான். ஆனால் அதன் ஒன்பதாவது கேள்வி, சாவதே மேல் என்றோ தனக்குத் தீங்கு செய்துகொள்ள வேண்டும் என்றோ அண்மையில் எண்ணம் வந்ததா என்பது. இரவு பதினொரு மணிக்கு ஒருவர் அதற்கு "கிட்டத்தட்ட தினமும்" என்று பதில் போட்டால், அதை யார் பார்ப்பார்? பெயர் கேட்காத படிவம் என்றால் யாரைத் தேடுவது? பத்து நாள் கழித்து மொத்தமாகத் திறந்து சதவீதம் போடும்போது அந்த மனிதர் எப்படி இருப்பார்?

ஆகவே, வரக்கூடிய பதிலைத் தாங்க ஏற்பாடு இல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. நேரில் கேளுங்கள். அன்றே பார்த்துப் பேச ஒரு மனநல ஆலோசகரையோ மருத்துவரையோ முன்கூட்டியே சம்மதிக்க வையுங்கள். "நீங்கள் சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டேன், ஆனால் உங்கள் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் உதவிக்கு ஒருவரை அழைப்பேன்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பேட்டி நடுவில் அழுகை வந்தால் பேனாவை வைத்துவிடுங்கள். குறிப்பு நோட்டில் பெயருக்குப் பதில் எண் போட்டு, எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியலை வேறோரிடத்தில் பூட்டி வைத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். ஆய்வின் முடிவை, கேட்ட மக்களுக்கே எளிய தமிழில் வந்து சொல்லுங்கள். அவர்கள் கொடுத்த விவரத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பிப் பாராமல் போவது நன்றாக இருக்காது.

8. அந்தப் பெண் என்ன செய்தாள்?

பட்டியல் வேண்டாம் என்று அவளே சொன்னாள். பாம்பூஃப்ளாட் என்ற ஒரே ஊரை விட்டு, தெற்கு அந்தமான் மாவட்டம் என்று ஆய்வை விரிவாக்கினாள். லாசி விவரத் தொகுப்புக்கு விண்ணப்பித்தாள். நேர்காணலுக்கு, யாரையும் தேடிப் போகாமல், விருப்பமுள்ளவர் தாமாக வர ஓர் அறிவிப்பு எழுதினாள். ஆலோசகர் ஒருவரைச் சம்மதிக்க வைத்த பின்னரே கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் மனுக் கொடுத்தாள். குழு இரண்டு முறை திருத்தச் சொன்னது. முதலில் சலித்துக்கொண்டாள். பிறகு, "அவர்கள் கேட்ட கேள்வியெல்லாம் நியாயமாகத்தான் மாமா இருந்தன" என்று போனில் சொன்னாள். இரண்டு பெயர் எழுதிய தாளை நான் அன்றே கிழித்து எரித்துவிட்டேன்.

பயிற்சி

மாணவர்கள் கீழ்க்கண்டவற்றிற்கு விடை எழுதிப் பார்க்கலாம். பெற்றோரும் உடன் உட்கார்ந்து பேசினால் நல்லது.

(1) 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மனநோய் எண் ஏன் குறைவாக வந்தது? மூன்று காரணங்கள் கூறுக.

(2) 6,000 பேர் உள்ள ஊரில் ஓராண்டு 3 மரணம், மறு ஆண்டு 1 மரணம். லட்சத்துக்கு எத்தனை என்று இரு விகிதங்களையும் கணக்கிடுக. "நிலைமை பெரிதும் சீரடைந்தது" என்று எழுதலாமா?

(3) "ஜெட்டிக்கு அருகில் கடை வைத்திருக்கும், 2019இல் கணவரை இழந்த 38 வயதுப் பெண்" என்ற வரியை, அடையாளம் தெரியாதபடியும் ஆய்வுக்குப் பயன்படும்படியும் திருத்தி எழுதுக.

(4) உங்கள் தோழி ஒருத்தி, தன் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மனச்சோர்வுப் படிவம் அனுப்பப் போகிறாள். அவளிடம் என்னென்ன கேட்பீர்கள்?

முடிவாக ஒரு செய்தி. இதைப் படிக்கும் எவருக்கேனும், அல்லது வீட்டில் யாருக்கேனும், மனம் தாங்காத நிலை இருந்தால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். டெலி–மானஸ் என்ற இந்த அரசு உதவித் தொலைபேசி 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. கட்டணம் இல்லை, இரவிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.